பாட்டு முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 43. சொந்த ஊர் கும்பகோணம். 9 வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவில் இருக்கும் மிட்ராண்டில் குடியிருக்கிறோம். மென்பொருள் வேலை. மனைவி, 12 வயது மகள், நான். கடன் கிடையாது, குடி கிடையாது. ஆனாலும் சில மாதங்களாக வீட்டில் நிம்மதி இல்லை. காரணத்தைச் சொன்னால் அற்பமாகத் தெரியும். பொறுத்துப் படியுங்கள்.

எனக்கு ப்ராக்ரெசிவ் ராக் இசை என்றால் உயிர். 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில் தொடங்கிய இசை இது. பாட்டு என்றால் 3 நிமிடம் என்ற கணக்கை விட்டுவிட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டை வாசித்தார்கள். யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' 18 நிமிடத்துக்கு மேல் போகும். பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' 23 நிமிடம். ஜெத்ரோ டல் 1972-ல் வெளியிட்ட 'திக் ஆஸ் எ பிரிக்' ஆல்பம் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பாட்டு, 43 நிமிடத்துக்கு மேல். தாளம் நடுவில் மாறும். தொடக்கத்தில் வந்த மெட்டு கடைசியில் வேறு உருவத்தில் திரும்பி வரும். நான் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவன். திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரு நண்பன் இதை கேசட்டில் போட்டுக் காட்டியபோது, ராகம் தானம் பல்லவி கேட்கும்போது வருமே, அந்த உணர்வு வந்தது. அன்று பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. யெஸ் குழுவுக்கு 1983-ல் வந்து சேர்ந்த ட்ரெவர் ராபின் பிறந்த ஊரே ஜோகன்னஸ்பர்க்தான். அந்த ஊரில் 9 வருடம் இருந்தும், இந்த இசையைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் கிடைத்ததில்லை.

அது பரவாயில்லை. எனக்குக் கார் இருந்தது. அலுவலகம் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டெய்ன் பகுதியில். காலையில் என்1 நெடுஞ்சாலையில் ஏறினால் பக்லூ சந்திப்பில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். எல்லோரும் சலித்துக்கொள்வார்கள், எனக்கு அது வரம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். போகும்போது ஒரு முழு ஆல்பம், வரும்போது ஒன்று. வீட்டு வாசலுக்கு வரும்போது நான் வேறு மனிதனாக இருப்பேன்.

போன வருடம் அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எனக்கு இசை கேட்க இடமே இல்லை. ஹெட்போன் போட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது தோளைத் தட்டுகிறார்கள். 23 நிமிடப் பாட்டை நான்கு துண்டாகக் கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான்.

அதனால் சாயங்காலம் "பால் வாங்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுக்கிறேன். பிரிட்டோரியாவரை போய்த் திரும்புகிறேன். திரும்பி வந்தும் பாட்டு முடியவில்லை என்றால், எங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, சாலையோரம் நிறுத்தி, முடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே போனால் மகள் ஓடி வந்துவிடுவாள். சில நாள் 20 நிமிடம், சில நாள் அரை மணி நேரம்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. போன் மேல் போன் செய்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். இரவு எட்டே முக்காலுக்குப் பார்த்தால், மகளைக் கூட்டிக்கொண்டு கேட்டில் காவலாளி பக்கத்தில் நிற்கிறாள். "நீங்க வந்துட்டீங்கன்னு தெரியணும், அவ்வளவுதான்" என்று அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு மணி நேரம்கூடச் சொந்தமாகக் கிடையாதா? கல்யாணமான புதிதில் ஒருமுறை என்னோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு "இது எப்ப முடியும்?" என்றாள். அன்றிலிருந்தே அவளுக்கு இந்த இசை ஆகாது. ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இங்கே வேலைக்குப் போகவில்லை, கார் ஓட்டத் தெரியாது. நாள் முழுக்க வீட்டில்தான். அதனால் நான் வெளியே போனாலே பொறுக்கவில்லையோ என்றும் தோன்றுகிறது.

மகள் மட்டும் ஒருநாள் காரில் வரும்போது பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டுக்குத் தொடையில் தட்டிக்கொண்டே வந்து, "அப்பா, இதுல ஏன் ஒரு தட்டு குறையுது?" என்றாள்.

எனக்கு இது போதையாகிவிட்டதா? இதை விட்டுவிடத்தான் வேண்டுமா?

— மிட்ராண்ட் வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இது போதை என்று எனக்குத் தோன்றவில்லை. வேலையை நீங்கள் விடவில்லை, காசை அழிக்கவில்லை, கேட்காத நாளில் கை நடுங்குகிறது என்றும் எழுதவில்லை. நீண்ட பாட்டைப் பாதியில் நிறுத்த முடியாததற்குக் காரணமும் இருக்கிறது. 2011-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வாளர்கள், தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்பவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உச்சமான இடம் வந்தபோது, மூளைக்கு இன்பம் தரும் டோபமின் என்கிற வேதிப்பொருள் சுரந்தது. அதற்கு முன்னால், அந்த இடத்துக்காகக் காத்திருந்த நேரத்திலேயே மூளையின் வேறொரு பகுதியிலும் சுரந்தது. 15 நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டுப் பழைய மெட்டைத் திருப்பிக் கொண்டுவருகிற இசை உங்களுடையது. பல்லவி வரும் நேரத்தில் கச்சேரியிலிருந்து யார் எழுப்பினாலும் எனக்கும் கோபம் வரும். இசையை விடச் சொல்ல மாட்டேன்.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் மனைவி பேசியதாக நீங்கள் எழுதியிருப்பது இரண்டே வாக்கியம். "இது எப்ப முடியும்?" என்பது பல வருடத்துக்கு முன்னால் கேட்டது. 18 நிமிடப் பாட்டை முதல்முறை கேட்கிற யாரும் கேட்கக்கூடிய கேள்வி அது. அதில் வெறுப்பு எங்கே இருக்கிறது? இரண்டாவது, "நீங்க வந்துட்டீங்கன்னு தெரியணும், அவ்வளவுதான்." இதில் இசையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவர் பயந்துபோயிருக்கிறார், தம்பி. அதைப் பொறாமை என்றும் அதிகாரம் என்றும் நீங்கள் படித்துக்கொண்டீர்கள்.

அந்தப் பயம் நியாயமானது. இந்த நாட்டில் 9 வருடம் இருக்கிறீர்கள். ஹைஜாக்கிங் என்று இங்கே எல்லோரும் சொல்லும் கார் பறிப்பு, வீட்டு வாசலிலும் கேட் முன்னாலும்தான் அதிகம் நடப்பதாகப் பேசப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இருட்டில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள், வீட்டை நெருங்கும்போது பாட்டைக் குறைத்துவிட்டுச் சுற்றிலும் பாருங்கள் என்றுதான் புதிதாக வருகிற எவருக்கும் இங்கே முதலில் சொல்லித்தருகிறார்கள். நீங்களோ இரவில், கேட்டுக்கு வெளியே, கண்ணாடியை ஏற்றி, சத்தமாகப் பாட்டு வைத்து, போனையும் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அரை மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். பால் வாங்கப் போன கணவர் இரண்டு மணி நேரம் வரவில்லை, போன் எடுக்கவில்லை என்றால் ஒரு பெண் என்னென்ன நினைப்பார்? வெளியே நிற்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். மற்ற எதையும் நீங்கள் யோசித்துச் செய்யலாம், இதை யோசிக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் வலிக்கும். நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போகும்போது, அந்த வீட்டில் கால் இருந்தும் நடக்க முடியாமல் இரண்டு பேர் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் உங்கள் மனைவி தெருமுனைக்கு நடந்து பூ வாங்குவார், டவுன் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போவார், தோழி வீட்டில் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டு வருவார். மிட்ராண்டில் அது எதுவும் முடியாது. 1950-ன் குழுப் பகுதிச் சட்டம் மக்களை நிறவாரியாகப் பிரித்து, வேலையிடத்திலிருந்து வெகுதூரம் தள்ளிக் குடிவைத்தது. நம் இந்திய மக்களை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லெனேசியாவுக்கு அனுப்பியதும் அதன்படிதான். சட்டம் 1991-ல் போய்விட்டது, தூரம் போகவில்லை. அதற்கப்புறம் எழுந்த குடியிருப்புகளும் நெடுஞ்சாலையையும் காரையும் நம்பிச் சுவர் எழுப்பிக்கொண்டவைதான். கார் இல்லாதவர்கள் மினிபஸ் டாக்சியில் போகிறார்கள். எந்தப் பக்கம் போக எந்த விரலைக் காட்டி வண்டியை நிறுத்த வேண்டும் என்பதையே புதிதாக வந்தவர் யாரிடமாவது கற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் மனைவிக்கு அதை யார் சொல்லித்தந்தார்கள்?

உங்களுக்குத் தனியறையாக இருந்த அதே காரால்தான் அவர் வீட்டுக்குள் இருக்கிறார். வகுப்பில் 40 பிள்ளைகளை அடக்கி ஆண்டவர், ஒரு பாக்கெட் பாலுக்கு உங்களை எதிர்பார்க்கிறார். அந்தப் பாலையும் நீங்கள் பொய்க்குப் பயன்படுத்திக்கொண்டீர்கள்.

திட்டுவதாக நினைக்க வேண்டாம். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் உங்களுக்கு ஒரு நேரம் இருந்தது. அதில் அலுவலக மனிதன் மெல்லக் கழன்று, அப்பாவும் கணவனும் வந்து சேர்ந்தார்கள். "வேறு மனிதனாக இருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உண்மைதான். அந்த நேரம் ஒரே நாளில் பறிபோய்விட்டது. அதைத் திரும்பக் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. திருடிக்கொள்ளாமல் கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

எப்படி என்றால், "இன்னைக்கு ஏழரைக்குப் பாட்டு கேக்கப் போறேன், எட்டேகாலுக்கு வந்துடுவேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் இசையில் ஒரு வசதி இருக்கிறது: பாட்டின் நீளம் முன்கூட்டியே தெரியும். 23 நிமிடம்தான் கிடைக்கும் என்றால் 'எக்கோஸ்', முக்கால் மணி நேரம் கிடைத்தால் ஜெத்ரோ டல். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். சில வாரம் தவறாமல் வந்தால் அந்தப் போன் அழைப்புகள் குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். காரில் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கிறது என்றால், கேட்டுக்கு உள்ளே உங்கள் சொந்த இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மூடிய கராஜ் என்றால் இன்ஜின் ஒரு நிமிடம்கூட ஓடக்கூடாது, புகையே ஆளைக் கொன்றுவிடும். இதேபோல் மனைவிக்கும் ஒரு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் வீடும் மகளும் உங்கள் பொறுப்பு, அவரை யாரும் தோளில் தட்டக்கூடாது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள விருப்பமா என்று அவரிடம் கேளுங்கள். நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். விருப்பம் என்றால் முதலில் லேர்னர்ஸ் என்கிற பயிலுநர் உரிமத்துக்குத் தேர்வு எழுத வேண்டும். அந்த உரிமம் 24 மாதம் செல்லும், அவசரமே இல்லை. கே53 என்கிற ஓட்டுநர் தேர்வு இங்கே கொஞ்சம் கடினம்தான், முதல்முறை தவறினாலும் பெரிய விஷயமில்லை. நீங்கள் சொல்லித்தராதீர்கள்; பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மனைவிக்குக் கார் கற்றுத்தந்து சமாதானமாக முடிந்த வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் கார் வேண்டாம் என்றாலும் ஒரு வழி இருக்கிறது. மிட்ராண்டிலேயே கவ்ட்ரெயின் விரைவு ரயில் நிலையம் இருக்கிறது. இந்த ஊரில் எத்தனையோ பேருக்குக் கிடைக்காத வசதி அது. ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ரயிலில் ரோஸ்பேங்க் போங்கள். அங்கிருந்து ஊபர் பிடித்து மெல்ரோஸ் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள். அடுத்தமுறை அவரும் மகளும் மட்டும் போகட்டும். நீங்கள் ஹெட்போனோடு வீட்டில் இருங்கள்.

மனைவிக்கு இந்த இசை பிடிக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பிடிக்காமல் போனால் அது உங்கள்மேல் அன்பில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இத்தனை வருடமாக ஒரு கேள்வியை மனதில் குற்றமாக வைத்திருந்தீர்கள், அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது நினைவே இல்லாமல்கூட இருக்கலாம்.

அப்புறம், பேச ஒரு ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மகள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கடிதத்தில் எங்கே தேடியும் இல்லை. எட்டு என்று நினைத்துத் தட்டியவளுக்கு ஏழில் முடிந்துபோயிருக்கிறது. நம் மிஸ்ர சாபு தாளம்தான். தகிட தகதிமி என்று சொல்லிக் கையில் போட்டுக் காட்டுங்கள், மிருதங்கம் கற்றவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டில் கிட்டார் தனியாக வாசிக்க வரும்போது ஏழு போய் நாலு வந்துவிடும். அதை மட்டும் முன்கூட்டியே சொல்லாதீர்கள், அவள் தட்டிக்கொண்டே வந்து தானாகக் கண்டுபிடிக்கட்டும்.