காசு குடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா, ஃப்ரீயே போதுமா? கேள்வி பதில்

நம்ம நீலகிரி மலை ஆளுங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் போடறேன். வீட்டு கம்ப்யூட்டர் பத்தி மட்டும்.

கேள்வி (கோத்தகிரி): அண்ணா, பொண்ணு காலேஜுக்கு புது லேப்டாப் எடுத்தோம், விண்டோஸ் 11. ஒரு வருஷ ஆன்டிவைரஸ் சேத்து எடுத்துக்கங்கன்னு கடையில விடமாட்டேங்கறாங்க. எடுக்கணுமா?

பதில்: வேணாம்ங்க. 2012ல விண்டோஸ் 8 வந்ததுலருந்து டிஃபெண்டர்ங்கற மைக்ரோசாஃப்டோட சொந்த ஆன்டிவைரஸ் உள்ளயே இருக்கு, தனியா போட வேண்டியதில்ல, காசும் இல்ல, விண்டோஸ் அப்டேட் கூடவே அதுவும் அப்டேட் ஆயிடும். ஆரம்பத்துல அது சுமார்தான், அந்தக் கெட்ட பேரு இன்னும் போகல. இப்ப ஜெர்மனில ஏவி டெஸ்ட், ஆஸ்திரியால ஏவி கம்பேரட்டிவ்ஸ்னு ரெண்டு லேப் எல்லாத்தையும் சோதிச்சு மார்க் போடறாங்க, நெட் இருக்கற மெஷின்ல டிஃபெண்டர் காசு குடுத்து வாங்கறதுக்கு சரிக்கு சரியா நிக்குது. அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. போட்டோ, சர்டிபிகேட், ப்ராஜெக்ட் எல்லாத்தையும் வாரம் ஒருவாட்டி காப்பி பண்ணி, கழட்டி பீரோல வைங்க. கழட்டணும், அதான் முக்கியம். சொருகியே வச்சிருந்தா ரான்சம்வேர், அதாவது ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற வைரஸ், வரும்போது அதையும் சேத்துப் பூட்டிட்டுப் போயிடும்.

கேள்வி (குன்னூர்): ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் சேஃப்டியா?

பதில்: இல்லீங்க. ஒன்னோட ஒன்னு மோதி மெஷின் திணறும். ஒன்னு போதும்.

கேள்வி (ஊட்டி): ஸ்க்ரீன் வலது மூலைல "உங்க மெக்காஃபி முடிஞ்சிருச்சு, 5 வைரஸ் இருக்கு, உடனே ரினியூ பண்ணுங்க"ன்னு வந்துட்டே இருக்கு சார். நாங்க மெக்காஃபி போடவே இல்ல. பேமெண்ட் பண்ணிடலாமான்னு வீட்ல கேக்கறாங்க.

பதில்: பண்ணாதீங்க, அதை அமுக்கவும் அமுக்காதீங்க. அந்தப் பொட்டியை உத்துப் பாருங்க, சின்ன எழுத்துல குரோம்னும் பக்கத்துல வாயில நுழையாத ஒரு வெப்சைட் பேரும் இருக்கும். வீட்ல யாரோ படமோ கிரிக்கெட்டோ பாக்கப் போன எடத்துல "அலோ" அமுக்கிருக்காங்க, அந்த சைட் அனுப்பற நோட்டிபிகேஷன் அது. குரோம் செட்டிங்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதுக்குள்ள சைட் செட்டிங்ஸ், அதுக்குள்ள நோட்டிபிகேஷன்ஸ் போங்க, அலோ பண்ணின லிஸ்ட் வரும், தெரியாத பேரை எல்லாம் எடுத்துடுங்க. அப்புறம் ஒரு ஃபுல் ஸ்கேன் ஓட்டிருங்க. இதே மாதிரி மைக்ரோசாஃப்ட்னு சொல்லி நம்பர் போட்டு கூப்பிடச் சொன்னா தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க. எனிடெஸ்க்னு தூரத்துலருந்தே கம்ப்யூட்டரை இயக்கற ஆப்பைப் போடச் சொல்லி உங்க ஸ்க்ரீனை வாங்கிட்டு, பேங்கைத் தொறக்க வச்சிடுவாங்க. பணம் போயிருந்தா அந்த நிமிஷமே சைபர் மோசடிக்கான அரசு ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, விடியட்டும்னு இருக்காதீங்க.

கேள்வி (அருவங்காடு): ஃப்ரீல அவாஸ்ட் நல்லதுன்னு சொல்றாங்களே?

பதில்: வைரஸ் புடிக்கறதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கங்கற தகவலை அவங்களோட ஜம்ப்ஷாட்ங்கற கம்பெனி வழியா வித்தது 2020ல வெளிய வந்துச்சு, அந்தக் கம்பெனியை மூடினாங்க, 2024ல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு எஃப்டிசி 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லுச்சு. நம்ம வீட்டுக்குக் காவல் நிக்கறவன் நம்ம வீட்டு சமாச்சாரத்தை வித்தா அப்புறம் காவல் எதுக்குங்க. டிஃபெண்டர் உள்ளயே இருக்கறப்ப இன்னொரு ஃப்ரீ தேட வேண்டிய அவசியமே இல்ல.

கேள்வி (மஞ்சூர்): போட்டோஷாப் க்ராக் (திருட்டு காப்பி) போட்டா டிஃபெண்டர் உடனே அழிச்சிடுது. எப்படி ஆஃப் பண்றது?

பதில்: சொல்ல மாட்டேன். க்ராக்குக்குள்ளதான் பாஸ்வேர்டு திருடறதும் ரான்சம்வேரும் ஒளிஞ்சு வருது, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுன்னு அவனே எழுதி வச்சிருப்பான். கதவைத் தொறந்து விட்டா எந்தப் பெயிட் ஆன்டிவைரஸும் காப்பாத்தாது. போட்டோ எடிட் பண்ண கிம்ப்னு ஒரு சாஃப்ட்வேர் ஃப்ரீதான், அதைப் போடுங்க.

கேள்வி (குன்னூர்): விண்டோஸ் 10, டிஃபெண்டர் போதுமா?

பதில்: டிஃபெண்டர் போதும், விண்டோஸ் 10தான் போதாது. 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. வீட்டு மெஷினுக்கு எக்ஸ்ட்ராவா 2026 அக்டோபர் வரைக்கும் அப்டேட் தர்றாங்க, அதுல சேந்துக்குங்க, அதுக்குள்ள 11க்கு மாறப் பாருங்க. ஓட்டை விண்டோஸ்ல இருந்தா ஆன்டிவைரஸ் அதை அடைக்காது. 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் வந்தப்ப அதுக்கான அப்டேட் மார்ச்லயே வந்திருந்துச்சு, போடாத மெஷின்தான் மாட்டுச்சு.

கேள்வி (கூடலூர், சர்வீஸ் கடை வச்சிருக்கவர்): தம்பி, நீங்க டவுன்ல உக்காந்துட்டு டிஃபெண்டர் போதும்னு சொல்லிட்டீங்க. தேவாலா பந்தலூர் பக்கம் ஜூன் ஜூலைல மரம் விழுந்தா கரண்ட்டும் இல்ல நெட்டும் இல்ல. கரண்ட் வந்தாலும் நெட் வர நாளாகும். தேயிலை கணக்கு, பில்லு எல்லாம் பென்டிரைவ்லதான் சுத்துது. என் கடைக்கு வர்ற வைரஸ் முக்காவாசி அதுல வர்றதுதான். இவங்களுக்கு என்ன பதில்?

பதில்: அண்ணா, நீங்க கேட்டது நியாயம். டிஃபெண்டர் பாதி வேலையை மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்டுத்தான் செய்யுது. நெட் இல்லாதப்ப அது கொஞ்சம் தடுமாறும், ஏவி கம்பேரட்டிவ்ஸ் ஆஃப்லைன்ல தனியா சோதிக்கறாங்க, அதுல மத்த சிலதை விட கம்மியாத்தான் வாங்கிருக்கு. அதனால நெட் அபூர்வமா வர்ற, ஊர் பென்டிரைவ் எல்லாம் ஏறி எறங்கற மெஷின்னா ஆஃப்லைன் மார்க் பாத்து ஒரு பெயிட் வாங்கறதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி (ஊட்டி, வேறொருத்தர்): அவர் கமிஷனுக்கு சொல்றார் சார், நீங்களும் ஒத்துக்கறீங்களே!

பதில்: அப்படிப் பேசாதீங்க. மழைல நனைஞ்ச மெஷினோட ஜனம் அவர்கிட்டதான் போகுது, பாத்ததைத்தான் சொல்றார்.

கேள்வி (கூடலூர், அதே கடைக்காரர்): அப்ப பெயிட்தான் சரின்னு ஒத்துக்கிட்டீங்க.

பதில்: அந்த மாதிரி மெஷினுக்கு மட்டும்ணா. பெயிட்டும் அப்டேட் ஆகலைன்னா பழசுதான், மழைக்கு அதுக்கும் நெட் கிடையாது. டிஃபெண்டருக்கு அப்டேட் ஃபைல் மைக்ரோசாஃப்ட் சைட்லயே தனியா ஃப்ரீயா கெடைக்கும். நெட் இருக்கற எடத்துல டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல கொண்டு போய் டபுள் கிளிக் பண்ணா போதும். உங்க கடைல புதுசு புதுசா எடுத்து வச்சு வர்றவங்களுக்குக் குடுத்தீங்கன்னா புண்ணியமா போகும். அப்புறம் எல்லாருக்குமே சொல்றேன், ஜெராக்ஸ் கடைல குடுத்து வாங்கின பென்டிரைவ்ல ஃபோல்டர் படத்துக்கு மேல சின்ன அம்புக்குறி இருந்து, சைஸ் 1 இல்ல 2 கேபின்னு காட்டினா அது உங்க ஃபோல்டர் இல்ல, ஷார்ட்கட் வைரஸ். தொறக்காதீங்க, ஃபார்மேட்டும் பண்ணிடாதீங்க, உங்க ஃபைல் பெரும்பாலும் உள்ளயே மறைஞ்சிருக்கும். முதல்ல ஸ்கேன், அப்புறம் வியூல ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் பண்ணிப் பாருங்க, அதுலயும் தெரியலைன்னா ஃபோல்டர் ஆப்ஷன்ல சிஸ்டம் ஃபைலை மறைக்கற டிக்கை எடுத்துப் பாருங்க.

கேள்வி (கேத்தி): பெயிட்ல எது பெஸ்ட்?

பதில்: சென்னைக் கம்பெனி கே7 இருக்கு, புனே குவிக் ஹீல் இருக்கு, அந்த ரெண்டு லேபோட புது ரிப்போர்ட்டைப் பாத்து எடுங்க. முதல் வருஷ விலையைப் பாக்காதீங்க, ரினியூவல் விலையைப் பாருங்க, ஆட்டோ ரினியூவலை அன்னைக்கே ஆஃப் பண்ணிருங்க.

கேள்வி (வெலிங்டன்): சார் விண்டோஸ் 11க்கு டிஃபெண்டர் போதுமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

கேள்வி (குந்தா): டிஃபெண்டர் மட்டும் இருந்தா போதுமாங்க?

பதில்: மேல ரெண்டு மூனு தடவை சொல்லியாச்சுங்க. போதும். ஹார்ட் டிஸ்க் வாங்கியாச்சான்னு நான் திருப்பிக் கேக்கறேன்.

கேள்வி (கோத்தகிரி): போனுக்கு எந்த ஆன்டிவைரஸ்?

பதில்: போன் கதை வேற, தனியா பேசுவோம். வாட்ஸாப்ல கல்யாணப் பத்திரிகைன்னோ டிராஃபிக் ஃபைன்னோ ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்தற ஃபைல்) வந்தா மட்டும் தொறக்காதீங்க.

கேள்வி (கூடலூர்): அண்ணா எனக்கு ஏற்கனவே மாட்டிக்கிச்சு. கேம் க்ராக் போட்டான் பையன். எல்லா போட்டோ பேருக்கும் பின்னால என்னமோ ஒட்டிக்கிச்சு, தொறக்கல. டாலர் கேக்கறான். அம்மா போட்டோ எல்லாம் அதுலதான்.

பதில்: கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. பணம் கட்டாதீங்க, கட்டினாலும் திருப்பித் தருவான்னு உறுதி இல்ல. முதல்ல நெட்டைக் கழட்டுங்க, உங்க ஃபைல் இருக்கற பென்டிரைவ் எதையும் சொருகாதீங்க. வேற கம்ப்யூட்டர்ல "நோ மோர் ரான்சம்"னு தேடுங்க, ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் சேந்து 2016ல ஆரம்பிச்ச சைட். பூட்டின ஃபைல் ஒன்னு ரெண்டையும் அவன் விட்டுட்டுப் போன நோட்டையும் ஒரு காலி பென்டிரைவ்ல எடுத்து அங்க ஏத்தினா எந்த ரகம், சாவி இருக்கான்னு சொல்லும். ஏத்தறதுக்குக் குடும்பப் போட்டோ வேணாம், உருப்படாத ஃபைலா பாத்து எடுங்க. க்ராக்ல நெறைய வர்றது ஸ்டாப்ங்கற ரகம், அதுல கொஞ்சம் பேருக்குத் தொறக்குது, எல்லாருக்கும் இல்ல. இப்ப சாவி இல்லைன்னு வந்தாலும் ஃபார்மேட் பண்ணச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க, அந்த டிஸ்க்கைக் கழட்டி அப்படியே எடுத்து வைங்க, பின்னால சாவி வெளிய வந்த ரகங்களும் இருக்கு. புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏத்திக்குங்க. பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற மெஷின்லருந்து மாத்துங்க, முதல்ல மெயில், அடுத்து பேங்க். அம்மா போட்டோ சொந்தக்காரங்களுக்கு வாட்ஸாப்ல அனுப்பிருப்பீங்களே, அவங்க போன்லயும் இன்னைக்கே தேடச் சொல்லுங்க.