பழைய பஸ்ஸை வீட்டு வண்டியாக மாற்றுகிறேன். அலுமினியத் தகட்டில் உள்ள தட்டை ரிவெட்டுகள் (தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆணிகள்) பெயின்ட்டுக்கு மேல் தெரியாமல் மறைப்பது எப்படி?

மண்டபத்தில், ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற இடத்தில், ஒரு மினி பஸ்ஸில் இதைச் செய்து ஒருதடவை தோற்றவன் நான்.

தலை துருத்தாத ரிவெட்தானே என்று எமரி போட்டுத் தேய்த்தேன், வெறும் தகட்டிலேயே பட்டி (மேடுபள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்தேன், பெயின்ட் அடித்தேன். பளபளவென்று இருந்தது. சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் போனதும் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் காசு அளவில் வட்டம். சில இடங்களில் பட்டி வில்லை வில்லையாகக் கழன்று வந்தது.

பார்க்க வந்த டிங்கர் அண்ணன் பட்டியைத் தொடவே இல்லை. ரிவெட் தலையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு பக்கத்துத் தகட்டைத் தட்டினார். "ஆடுது பாருங்க தம்பி. ஆடுற பல்லுல பூசி என்ன செய்ய?"

விஷயம் இதுதான். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.023 மி.மீ. நீளும், உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் அதில் ஏறக்குறைய பாதிதான். விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் தகட்டின் சூடு 30 டிகிரி மாறினால், 3 மீட்டர் தகடு 2 மி.மீ. நீளும், சட்டம் 1 மி.மீ. மீதி இழுப்பு ரிவெட்டுகள் தலையில். இரும்பும் அலுமினியமும் ஒட்டுகிற இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடி பூத்துப் பெயின்ட்டைத் தூக்கும்.

ஆகவே முதலில் ரிவெட். தலையைச் சுற்றிக் கருப்புத் தீற்றல் இருந்தால் அது ஆடுகிறது. துளைத்து எடுத்துவிட்டு, அலுமினிய ரிவெட்டை எபாக்ஸி பிரைமரில் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) தோய்த்து, ஈரத்தோடு அடியுங்கள். பாப் ரிவெட் (நடுக்குச்சியை இழுத்து ஒரு பக்கமிருந்தே அடிக்கிற வகை) என்றால் குச்சியும் அலுமினியமாகவே இருக்கட்டும். இரும்புக் குச்சி துருப்பிடித்துப் பழுப்பாக வழியும்.

கழுவ போர் தண்ணி வேண்டாம், எங்கள் பக்கம் அது பாதி உப்பு. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, தின்னர் துணியால் துடைத்து, 180 எமரி. தேய்த்த ஒரு மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர். பட்டி அதற்கு மேல்தான். ஆசிட் பிரைமர் (தகட்டை லேசாக அரித்துப் பிடிக்கிற அடிப்பூச்சு) மேல் நேராகப் பட்டி வைக்காதீர்கள். ரிவெட் தலையில் மட்டும் பொட்டு வைத்தால் மேடு தெரியும், ஒரு சாண் அகலத்துக்கு மெல்லிசாக இழுத்து நீளக் கட்டையில் எமரி சுற்றித் தேய்க்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, காற்று கிளம்பும் முன் பெயின்ட். மங்கலான வெளிர் நிறம் நிறைய மறைக்கும். பளபளக்கும் அடர் நீலம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

தகடும் தகடும் சேருகிற வரிசையை நான் மறைக்கவில்லை. அங்கே பட்டி எப்படியும் வெடிக்கும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரிவெட் எல்லாம் வெளியேதான், அதைப் போய் யாரும் அசிங்கம் என்று சொன்னதில்லை.

இப்போது மூன்றாவது வருஷம். கதவுக்குப் பின்னால் ரெண்டு வட்டம் தலைகாட்டியிருக்கிறது. அவசரத்தில் தின்னர் போட்டுத் துடைக்காமல் விட்ட இடம் அது.