பிரேக் குழாயை வீட்டிலேயே மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி (தூத்துக்குடி): மீன் ஏற்றும் சிறிய வேனில் பின்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் குழாய் துருப்பிடித்துக் கசிகிறது. கசியும் இடத்தை மட்டும் வெட்டிவிட்டு ஒரு துண்டை இணைத்தால் போதாதா, ஐயா?

பதில்: போதாது. ஐஸ் உருகி வடியும் உப்புநீர் ஓரிடத்தை மட்டும் அரித்துவிட்டுப் போவதில்லை. குழாயைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றிப் பாருங்கள். ஈரம் தங்கிய அந்த இடங்களில் நகத்தால் சுரண்டினாலே துரு செதில் செதிலாக உதிரும். ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை முழு நீளத்தையும் மாற்றுவதே முறை. வளையத்தை நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் யூனியன் தண்ணீர்க் குழாய்க்கு உரியது. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது அழுத்தம் 100 பாரையும் தாண்டக்கூடும் என்பதால், குழாய் அதிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடலாம்.

கேள்வி (மதுரை): ஏ.சி. மெக்கானிக்கான என் நண்பரிடம் ஃபிளேரிங் செட்டும் (குழாயின் வாயை விரிக்கும் கருவி) செம்புக் குழாயும் இருக்கின்றன. அவற்றையே பயன்படுத்தலாமா?

பதில்: செம்புக் குழாயை அவரிடமே விட்டுவிடுங்கள். வண்டியின் அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி விரிசல் விடும். செம்போடு ஏறத்தாழ 10 சதவீதம் நிக்கல் கலந்த குழாய் தனியாகக் கிடைக்கிறது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வால்வோ நிறுவனம் 1976-லேயே இதைப் பொருத்தத் தொடங்கிவிட்டது. செட்டைப் பொறுத்தவரை, ஏ.சி. வேலையில் குழாயின் வாயை ஒரே மடிப்பாக விரிப்பார்கள். அங்கே அழுத்தம் 30 பார் அளவில் இருப்பதால் அது தாங்குகிறது. பிரேக்குக்கு விளிம்பை உள்பக்கம் மடக்கி இரட்டைச் சுவராக்கும் இரட்டை ஃபிளேர் வேண்டும். அதற்கான அடாப்டர், அதாவது நடுவில் சிறு முளையுள்ள வட்ட அச்சு, அந்தச் செட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (சேலம்): இரட்டை ஃபிளேர் போடும்போதெல்லாம் ஒரு பக்கம் சாய்கிறது, இரண்டு முறை விளிம்பே கிழிந்துவிட்டது. கருவி மட்டமானதா?

பதில்: கருவியைக் குறை சொல்வதற்கு முன் குழாயின் முனையைப் பாருங்கள். கட்டரை ஒரேயடியாக இறுக்கினால் வாய் உள்நோக்கிச் சுருங்கிவிடும். ஒரு சுற்றுக்குக் கால் திருப்பு வீதம் பொறுமையாக இறுக்க வேண்டும். வெட்டிய பின் முனை சற்றும் சாய்வில்லாமல் இருக்குமாறு அரத்தால் சமப்படுத்தி, உள்விளிம்பில் இருக்கும் பிசிறைச் சீவி, வெளிவிளிம்பையும் லேசாகச் சரித்து, தூள் முழுவதையும் காற்றடித்து வெளியேற்றுங்கள். கிழிந்த விளிம்புகளில் பெரும்பாலானவை இந்தப் பிசிறிலிருந்து தொடங்கியவை என்பதே என் அனுபவம். பிறகு குழாயை அச்சுக்கட்டையில் வைத்து, அடாப்டரின் ஓரத்திலுள்ள படிக்கட்டு போன்ற விளிம்பு எவ்வளவு உயரமோ அதே உயரத்துக்கு நீட்டிக்கொண்டு இறுக்குங்கள். நீட்டம் கூடினாலும் குறைந்தாலும் மடிப்பு கோணும். இறுக்கம் போதாவிட்டால் குழாய் பின்னுக்கு நழுவும். அடாப்டரால் அழுத்தியதும் வாய் குமிழ்போலப் புடைக்கும். அடாப்டரை எடுத்துவிட்டு, கருவியின் கூம்பில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி அழுத்தினால் அந்தக் குமிழ் உள்ளே மடிந்து புனலாகும். குழாயில் நட்டைக் கோத்த பிறகே இவை எல்லாம். அழகான ஃபிளேரைப் போட்டு முடித்துவிட்டு மேசைமேல் கிடக்கும் நட்டைப் பார்த்து நானே பலமுறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். துண்டுக் குழாயில் நான்கைந்து முறை பழகி, பூதக்கண்ணாடியில் விரிசல் தெரியாத ஃபிளேர் வந்த பிறகு வண்டிக் குழாயில் கை வையுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): நட்டு விரலாலேயே சரியாக ஏறியது, ஃபிளேரிலும் குறையில்லை. இருந்தும் கசிகிறது.

பதில்: மரை பொருந்தினால் ஃபிளேரும் பொருந்தியதாக எண்ணிவிடுவது பலர் விழும் குழி. 10 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உள்ள நட்டு பல ஜப்பானிய வண்டிகளிலும் உண்டு, ஐரோப்பிய வண்டிகளிலும் உண்டு. ஆனால் முன்னவற்றில் புனல் வடிவ இரட்டை ஃபிளேரும், பின்னவற்றில் பெரும்பாலும் குமிழ் ஃபிளேரும் அமர்கின்றன. கழற்றிய பழைய குழாயின் முனை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதையே போடுங்கள். கசிவை நிறுத்த நட்டை மேலும் முறுக்குவதோ டேப் சுற்றுவதோ வேண்டாம். அடைப்பு நிகழ்வது ஃபிளேரில், மரையில் அன்று.

கேள்வி (திருச்சி): பழைய நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன.

பதில்: குழாய் எப்படியும் போகப்போகிறது. நட்டை ஒட்டி அதை வெட்டிவிட்டு, ஆறு முனை சாக்கெட்டை மாட்டித் திருப்புங்கள். அடுத்த முறைக்கு, நட்டைச் சுற்றிப் பிடித்து மூலை மழுங்காமல் காக்கும் ஃபிளேர் நட்டு ஸ்பேனர் ஒன்று வாங்கி வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): குழாயை மாற்றிய பிறகும் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. உள்ளே புகுந்த காற்றை எந்தச் சக்கரத்திலிருந்து எடுப்பது?

பதில்: மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளை) தொலைவான சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம், ஒரு முன்சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரத்தையும் ஒரே தடத்தில் இணைத்துக் குறுக்காகப் பிரித்த அமைப்புள்ள வண்டிகளில் வரிசை மாறும் என்பதால் கையேட்டில் சொன்னபடி செய்யுங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அலகுக்குள் காற்று புகுந்திருந்தால், சில வண்டிகளில் அதை இயக்கும் ஸ்கேனர் கருவி இல்லாமல் அது வெளியேறாது. அப்போது பட்டறைக்குத்தான் போக வேண்டும். காற்றை எடுத்து முடித்ததும், உதவிக்கு ஒருவரை நிறுத்திப் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.