‘இது பேப்பர் செய்தி’ என்கிறார் ஆசிரியர்!

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எழுத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் ஆடியோ பிராக்டிகலில் நான் எழுதிய செய்தியை வாசித்ததும், ‘இது பேப்பர் செய்தி, ரேடியோ செய்தி இல்லை’ என்று ஆசிரியர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். வகுப்பில் நாற்பது பேர், ஒரே ஒரு ஸ்டுடியோ. ஒலிகளைக் கலந்து சீராக்கும் கன்சோல் பக்கம் போகவே வாய்ப்பு கிடைப்பதில்லை. என் பேச்சில் ஊர் வாடை வேறு அடிக்கிறது. கடன் வாங்கியாவது நல்ல மைக் ஒன்று வாங்கிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மைக்குக்காகக் கடன் வாங்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசிரியர் சுட்டிக்காட்டிய குறை வாக்கியத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை.

பேப்பர் படிப்பவர் புரியாவிட்டால் மேல் வரிக்குத் திரும்பிப் போவார். ரேடியோ கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. இந்த வரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘பிரதானக் குழாயில் ஏற்பட்டுள்ள உடைப்பைச் சரிசெய்யும் பணிகள் நடைபெற இருப்பதால் நகராட்சிக்கு உட்பட்ட அனைத்து வார்டுகளிலும் நாளை மற்றும் நாளை மறுநாள் ஆகிய இரு தினங்கள் குடிநீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும் என்று நகராட்சி ஆணையர் தெரிவித்துள்ளார்.’ இதில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் தண்ணீர் வருமா வராதா என்பதே கடைசியில்தான் தெரிகிறது. யார் சொன்னது என்பது அதற்கும் பிறகு.

இப்போது இதைப் படியுங்கள்: ‘நாளையும் நாளை மறுநாளும் நகரில் குடிநீர் வராது. நகராட்சி ஆணையர் இதை அறிவித்திருக்கிறார். பிரதானக் குழாய் உடைந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்கிறார் அவர்.’ அதே செய்திதான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம், முக்கியமானது முதலில், அவ்வளவுதான் மாற்றம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். குற்றச்சாட்டு, அரசியல் கருத்து என்று வந்தால் சொன்னவர் பெயர்தான் முதலில் வர வேண்டும். ‘ஒப்பந்தத்தில் ஊழல் நடந்திருக்கிறது’ என்று தொடங்கி, யார் சொன்னது என்பதைக் கடைசியில் வைத்தால், நடுவில் ரேடியோவை அணைத்தவர் அதை நீங்களே சொன்னதாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

‘மேற்கண்ட’, ‘முறையே’ போன்ற சொற்களைக் காதுக்கு எழுதும்போது விட்டுவிடுங்கள். 2,37,48,500 ரூபாய் என்றால், ‘சுமார் 2 கோடியே 37 லட்சம் ரூபாய்’ போதும். ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தியறிக்கைகள் கிடைக்கின்றன. ஒரு அறிக்கையை நிறுத்தி நிறுத்திக் கேட்டு அப்படியே எழுதுங்கள். அப்புறம் அதே நாளின் பேப்பரில் அதே செய்தியைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஊர் வாடை பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். நெல்லைச் சீமையின் ராகம் குறை இல்லை. ல, ள, ழ தெளிவாக விழுகிறதா, ரகர றகரம் குழம்பாமல் இருக்கிறதா, பெயர்களைச் சரியாக உச்சரிக்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள். டெல்லியிலிருந்து பல்லாண்டு தமிழ்ச் செய்தி வாசித்து, உச்சரிப்புக்காகவே நினைக்கப்படும் சரோஜ் நாராயணசுவாமி பிறந்தது மும்பையில். உச்சரிப்பு பயிற்சியில் வருவது.

ஸ்டுடியோ கிடைக்காத குறைக்கு உங்கள் போனே போதும். ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஃபேனை அணையுங்கள். வெறும் சுவர் உள்ள அறையில் குரல் எதிரொலிக்கும்; துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து வாசித்தால் அந்த எதிரொலி நன்றாகவே குறையும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடத்தில் எல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று கேட்கும். ஒலி அளவு காட்டும் செயலியில் பதிந்தால், உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். அந்த அளவின் மேல் எல்லையான பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலை எடிட்டிங்கில் முழுசாக மீட்க முடியாது. சத்தம் குறைந்து போனால் ஏற்றிக்கொள்ளலாம்.

வெளியே பேட்டி எடுக்கும்போது, பதிவு செய்வதாகச் சொல்லி அனுமதி வாங்குங்கள். அவர் தன் பெயரையும் தொழிலையும் தானே சொல்லிப் பதிவாகட்டும். அவர் பேசும்போது ‘ம்ம்’, ‘ஆமாங்க’ என்று குரல் கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் ‘ம்ம்’ அவர் பேச்சின் மேல் விழுந்துவிட்டால் அங்கே வெட்ட முடியாது. முடித்ததும் கிளம்பிவிடாமல், யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் ஓசையைப் பதியுங்கள். வெட்டி ஒட்டிய இடத்தில் முழு மௌனம் வந்தால் காதுக்கு உடனே தெரியும். இந்த ஓசையைக் கொண்டு அதை நிரப்பலாம்.

எடிட் பண்ண ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம், கல்லூரி லேபிலேயே போட்டுக்கொள்ளலாம். மூச்சுச் சத்தத்தையெல்லாம் வெட்டித் தள்ளாதீர்கள். மனிதர் பேசுவது மாதிரி இருக்காது. பேசியவர் சொன்னதன் அர்த்தம் மாறும்படி வெட்டவே கூடாது. கன்சோலுக்கு வேறு வழி பாருங்கள்: மற்றவர்கள் பதியும்போது உதவிக்கு நிற்கிறேன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்பதே பாதிப் பயிற்சி.

அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் அண்ணா எஃப்.எம். தொடங்கிய பிறகு நம் மாநிலக் கல்லூரிகள் பலவற்றில் சமுதாய வானொலி வந்துவிட்டது. அருகில் ஒன்று இருந்தால் தன்னார்வலராகச் சேருங்கள். அங்கே சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அரசு அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் தரலாம். ஆனால் உடல்நலம், விவசாயம், உள்ளூர் நிகழ்ச்சி என்று பேட்டியும் எடிட்டிங்கும் கை நிறையக் கிடைக்கும்.

கொஞ்சம் பணம் சேர்ந்தால், மைக்குக்கு முன்னால் காதை முழுசாக மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். அதில் உங்கள் பதிவைக் கேட்டுப் பார்த்த பிறகும் குரலில் குறை தெரிந்தால் மைக்கைப் பற்றி யோசிக்கலாம். பதிந்ததையும் எழுதியதையும் ஆசிரியரிடம் கொடுத்து, எந்த இடத்தில் நிறுத்தத் தோன்றியது என்று கேளுங்கள்.