என் 2009 மாடல் லேப்டாப்பில் பென்டிரைவ் வழியாக லினக்ஸ் போட முடியவில்லை, 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வருகிறது. என்ன செய்வது?

லேப்டாப் 2009 மாடல் என்கிறீர்கள், அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பென்டிரைவ் எழுதப்பட்ட விதத்தைத்தான். அந்தக் காலத்து மெஷின்களில் பெரும்பாலும் பழைய பயாஸ்தான் (கணினியை முதலில் தொடங்கி வைக்கும் மென்பொருள்), அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ கிடையாது. பயாஸ் பென்டிரைவின் முதல் 512 பைட்டில் பூட் கோட் (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிறு நிரல்) இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் பென்டிரைவில் மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் பூட் ஆகாது. பென்டிரைவ் எழுதும் ரூஃபஸ் மென்பொருளில் பார்ட்டிஷன் ஸ்கீம் (டிரைவைப் பிரிக்கும் முறை) ஜிபிடி என்று இருந்தால், பழைய பயாஸுக்கு ஏற்ற எம்பிஆர் ஆக்கி, டார்கெட் சிஸ்டத்தில் பயாஸ் வருகிறதா பார்த்து மறுபடி எழுதுங்கள். பயாஸ் செட்டிங்கில் பூட் வரிசையையும் பாருங்கள். சில மெஷின்கள் பென்டிரைவை ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள் ஒளித்து வைத்திருக்கும், அங்கே போய் அதை மேலே ஏற்ற வேண்டும்.

சரி, லினக்ஸ் தொடங்கும் க்ரப் மெனு வந்தபிறகு திரை கறுப்பாகிவிட்டால் அது வேறு கதை, பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர். அந்த மெனுவில் 'இ' (E) அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள்.

ப்ராசசர் 32 பிட் மட்டும் என்றால் 64 பிட் லினக்ஸ் அதில் ஓடாது, இது எதுவும் உதவாது. உபுண்டு 17.10-லேயே 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பை) நிறுத்திவிட்டது. டெபியன் 12 லினக்ஸின் ஐ386 என்ற 32 பிட் பதிப்பை எடுங்கள்.