எதைச் சோதிக்கப் போவதில்லை?

கேள்வி: டெஸ்டிங் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்திருக்கிறது. முன்பதிவு செயலி ஒன்று. நாங்கள் இரண்டு பேர், ஆறு வாரம். "எல்லாவற்றையும் டெஸ்ட் செய்துவிடுங்கள்" என்கிறார் மேலாளர். ஸ்கோப்பை, அதாவது எதைச் சோதிப்போம், எதைச் சோதிக்க மாட்டோம் என்ற எல்லையை, எப்படி எழுதுவது?

பதில்: "எல்லாம்" என்ற சொல்லை மட்டும் ஆவணத்தில் எழுதிவிடாதீர்கள். 4 பிரவுசர், 3 திரை அளவு, 3 மொழி, 3 வகைப் பயனர் என்றால் ஒரு பக்கத்துக்கே 108 சேர்க்கைகள். இந்த நான்கு கூறுகளில் எந்த இரண்டை எடுத்தாலும், அவற்றின் ஒவ்வொரு ஜோடியும் (ஒரு பிரவுசரும் ஒரு மொழியும் என்பதுபோல) ஒருமுறையாவது சேர்ந்து வரும்படி அடுக்கினால் 12 சேர்க்கைகள் போதும். இதைத்தான் பேர்வைஸ் என்கிறோம். மூன்று கூறுகள் ஒன்றுசேரும்போது மட்டும் தலைகாட்டும் பக் (பிழை) இதில் தப்பக்கூடும். அதையும் எழுதி மேலாளரின் ஒப்புதலை வாங்குங்கள்.

சோதிக்காதவற்றின் பட்டியலை முதலில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏன் விட்டோம், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்க வேண்டும். "பேமென்ட் கேட்வே (பணம் வாங்கித் தரும் வெளிச் சேவை) ஸ்கோப்பில் இல்லை" என்று ஒரே வரியில் முடிப்பது பலர் செய்யும் தவறு. கேட்வேயின் உள்வேலை உங்களுடையது அல்ல. ஆனால் உங்கள் செயலி அதனோடு பேசும் இடம் உங்களுடையதுதான். பணம் பிடிக்கப்பட்டு, பதில் வராமல் டைம்அவுட் ஆனால் முன்பதிவு எந்த நிலையில் நிற்கும்? ஒரே பதில் இரண்டு முறை வந்தால் இரண்டு இருக்கை பதிவாகுமா? பயனர் பொறுமையிழந்து பொத்தானை மறுபடி அழுத்தினால்? இவை மூன்றும் கட்டாயம் ஸ்கோப்புக்குள் வரவேண்டும்.

மற்ற அம்சங்களுக்கு, பழுதாகும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5 மதிப்பெண் கொடுத்துப் பெருக்குங்கள். 15-க்கு மேல் வந்தால் தவறான உள்ளீடுகள் உட்பட ஆழமாகச் சோதியுங்கள். 6-க்குக் கீழே என்றால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். வாய்ப்பு மதிப்பெண்ணை டெவலப்பரும் பாதிப்பு மதிப்பெண்ணை வணிகத் தரப்பும் தரட்டும். இரண்டையும் நீங்களே போட்டால், பிறகு "இதை ஏன் விட்டீர்கள்?" என்ற கேள்வி உங்களிடமே வந்து நிற்கும்.

"வேகமாக இருக்க வேண்டும்" என்பதைச் சோதிக்க முடியாது. "200 பேர் ஒரே நேரத்தில் தேடும்போது, 100 கோரிக்கைகளில் 95-க்கு 2 நொடிக்குள் பதில்" என்பதுபோல எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

வாரம் ஐந்து நாள் கணக்கில் உங்களிடம் இருப்பது 60 ஆள்-நாள். அதில் 20-ஐ ரீடெஸ்டுக்கும் (திருத்திய பிழையை மறுபடி சோதிப்பது) ரிக்ரெஷனுக்கும் (மாற்றத்தால் பழையது ஏதும் கெட்டதா என்று பார்ப்பது) ஒதுக்கிவிட்டு மீதி 40-ல் திட்டமிடுங்கள். அடங்காவிட்டால், குறைந்த மதிப்பெண் பெற்றவற்றிலிருந்து வெட்டுங்கள். நடுவில் புது அம்சம் வந்தால், ஸ்கோப்பிலிருந்து எந்த வரி வெளியே போகிறது அல்லது எத்தனை நாள் கூடுகிறது என்பதை அன்றே எழுதி ஒப்புதல் பெறுங்கள்.