வாசகர் கேள்வி – பதில்: முதல் அடியில் இல்லாத பெயர்

கேள்வி: எங்கள் தெருவில் நான்கு குடும்பத்தினர் மாதம் ஒரு முறை மொட்டை மாடியில் கூடி, அவரவருக்குப் பிடித்த பழைய ஆங்கில ராக், பாப் பாடல்களைப் போட்டுக் கேட்கிறோம். பிறகு ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, மற்றவர்கள் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரே வெல்கிறார்கள். மற்றவர்கள் சலித்துப்போய்க் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நமக்குப் பாட்டின் பெயர் என்றால் அதன் முதல் அடிதான். தேவாரமாக இருந்தாலும் திரைப்பாடலாக இருந்தாலும் எடுப்பைச் சொன்னால் போதும், முழுப் பாட்டும் நினைவுக்கு வந்துவிடும். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தவர்கள், ஓர் எழுத்தைக் கொடுத்தவுடன் அந்த எழுத்தில் தொடங்கும் பல்லவியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கிலப் பாடலில் பெயர் முதல் அடியில் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. பெரும்பாலும் அது திரும்பத் திரும்ப வரும் பகுதியில் இருக்கும். சில பாடல்களில் எங்குமே இராது. குயீன் குழுவினர் 1975 இல் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சொடி' ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடுகிறது; அந்த இரு சொற்களும் பாட்டுக்குள் ஒரு முறைகூட வருவதில்லை. டேவிட் போவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி' (1969), தி ஹூ குழுவின் 'பாபா ஓ'ரைலி' (1971) ஆகியவையும் அப்படியே. இதனால்தான் பாட்டை மனப்பாடமாக அறிந்தவரும் பெயரைக் கேட்டால் திணறுகிறார். ஆகவே பெயரைச் சொன்னால் ஒரு மதிப்பெண், அடுத்த அடியைப் பாடினால் இரண்டு மதிப்பெண் என்று வைத்துப் பாருங்கள். இதுவரை வாய் திறக்காதவர்கள் பாடுவார்கள்.

வரியைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். திரும்ப வரும் அடியைச் சொன்னால் விளையாட்டு அந்த நொடியே முடிந்துவிடும். காதல், ஏக்கம் என்று பொதுவாகப் பேசும் அடியைச் சொன்னால் அது நூறு பாட்டுக்குப் பொருந்தும். கண்முன் ஒரு காட்சி எழும் இடத்தைப் பிடித்து, அதை மெட்டில்லாமல், தமிழிலேயே சொல்லுங்கள். பாலைவன நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் வண்டி ஓட்டிக் களைத்த ஒருவன் தொலைவில் விளக்கொளியைக் கண்டு, இன்றிரவு இங்கேயே தங்கிவிடலாம் என்று வண்டியை நிறுத்துகிறான் என்று சொன்னால், ஈகிள்ஸ் குழுவின் 1976 ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்டவர்கள் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' என்று துள்ளி எழுவார்கள்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் முத்தியால்பேட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் இதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தோம். ஃபிராங்க் சினாட்ரா 1969 இல் வெளியிட்ட 'மை வே' பாட்டின் மெட்டை ஒருவர் சொற்களில்லாமல் முனகினார். அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கண்மூடியிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற சொல்தா, நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தாளம் போட்டபடி அதே மெட்டைப் பிரெஞ்சுச் சொற்களில் பாடத் தொடங்கினார். குளோட் ஃபிரான்சுவா 1967 இல் பாடிய பாட்டு அது. அந்த மெட்டுக்குத்தான் பால் ஆங்கா புதிதாக ஆங்கில வரிகளை எழுதினார். ஆங்கிலத்தில், வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துத் தலைநிமிர்ந்து நிற்கும் ஒருவரின் குரல் கேட்கிறது. பிரெஞ்சிலோ, காதல் வற்றிய பிறகும் வழக்கம்போல எழுந்து, வழக்கம்போல உறங்கி நாளைக் கழிக்கும் இருவரின் வெறுமை இருக்கிறது. பெரியவர் அடி அடியாகப் பொருள் சொல்லி முடித்தபோது, அவருடைய பேரன், "தாத்தா, இதை நீங்க வீட்ல பாடினதே இல்லையே" என்றான். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரையும் மாடிக்கு அழையுங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாக ஆங்கிலப் பாடல்களைக் கேசட்டில் கேட்டு, காதில் விழுந்தபடியே பாடி வருகிறேன். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு மின்சாரம் இல்லாத இரவுகளில் கைக்குழந்தையாக இருந்த பேத்தியை அப்படிப் பாடித்தான் உறங்க வைத்தேன். இப்போது அவள் வரிகளை இணையத்தில் எடுத்துக் காட்டி, பாதிக்கு மேல் தவறு என்கிறாள். பாடவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை, ஐயா. ஒரு கேசட்டைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியிலிருந்து மறுபடியும் பிரதி எடுத்தால் முதலில் மங்குவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகளே. ஆங்கிலத்தில் ஸ், ஃப் போன்ற மெய்கள் அந்த ஒலிகளில்தான் வாழ்கின்றன. மேலும், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இது நேர்கிறது. அமெரிக்க எழுத்தாளர் சில்வியா ரைட், சிறு வயதில் தாய் படித்துக் காட்டிய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றில், கொலையுண்ட பிரபுவைப் புல்தரையில் கிடத்தினார்கள் ('லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்') என்ற அடியை, 'லேடி மாண்டகிரீன்' என்ற சீமாட்டியும் அவருடன் கொல்லப்பட்டாள் என்பதாகக் கேட்டு, அந்த இல்லாத பெண்ணுக்காக இரங்கியிருக்கிறார். 1954 இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இப்படித் தவறாகக் காதில் விழும் அடிகளுக்கு 'மாண்டகிரீன்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967 இல் வானத்தை ('த ஸ்கை') முத்தமிடுவதாகப் பாடியதை, 'இந்த ஆளை' ('திஸ் கை') முத்தமிடுவதாகக் கேட்டவர்கள் ஏராளம். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 1969 ஆம் ஆண்டுப் பாடலில் கெட்ட நிலவு எழுகிறது ('பேட் மூன் ஆன் த ரைஸ்') என்று வருவதை, வலப்பக்கம் குளியலறை இருக்கிறது ('பாத்ரூம் ஆன் த ரைட்') என்று கேட்டவர்கள் அத்தனை பேர். அதை எழுதிய ஜான் ஃபோகர்ட்டியே பின்னாளில் மேடைகளில் குளியலறை என்றும் மாற்றிப் பாடியிருக்கிறார்.

பேத்தி முதன்முதலில் கேட்ட வரிகள் நீங்கள் பாடியவைதாம். அந்த வரிகளை நீங்கள் பாட, மூல வரி எதுவென்று அவள் கண்டுபிடிக்கட்டும். இந்தச் சுற்றில் கேள்வி கேட்பவராக உங்களுக்கு இணை யாரும் இருக்க முடியாது.

கேள்வி: ஆங்கிலம் அதிகம் தெரியாத என் மாமியாரையும் இந்த விளையாட்டில் சேர்க்க வேண்டும். எந்தப் பாட்டில் தொடங்கலாம்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' (1968). ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டின் பிற்பகுதி முழுவதும் பெரும்பாலும் 'நா நா நா' என்றே செல்கிறது. உங்கள் அத்தை இரண்டாவது முறை கேட்கும்போதே சேர்ந்து பாடிவிடுவார். பிறகு அவரைத் தத்தகாரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் இசையமைப்பாளர்கள் கவிஞருக்கு மெட்டைத் 'தன்னன்னா' போட்டுக் கொடுப்பதைப் போலவே, 1965 இல் வெளியான 'யெஸ்டர்டே' பாட்டுக்குச் சொற்கள் அமையும் வரை பால் மெக்கார்ட்னி முட்டைப் பொரியலைப் பற்றிய சொற்களை இட்டு நிரப்பி வைத்திருந்தார். அத்தை தமக்குப் பிடித்த ஒரு பழைய திரைப்பாடலைத் தன்னன்னா போட்டுப் பாடட்டும். கண்டுபிடிக்க வேண்டிய முறை உங்களுடையதாக இருக்கட்டும்.